பதினோரு பேரும் போட்ட ஒரே வட்டம்

கொடைக்கானல் மலையிலுள்ள கவுஞ்சியில் முருகேஸ்வரியிடம் வாய் கொடுத்துத் தப்பியவர்கள் குறைவு. கேரட் ஏற்ற வரும் ஒட்டன்சத்திரத்து லாரிக்காரர்களே அவளைக் கண்டால் ஹாரன் அடிக்க யோசிப்பார்கள். அப்பேர்ப்பட்டவளுக்குப் பேனாவைக் கண்டால் மட்டும் அந்தக் குளிரிலும் வேர்த்துவிடும். ஐந்தாம் வகுப்போடு கேரட் காட்டுக்குப் போனவள் அவள். ஊர்ப் பள்ளியின் மேலாண்மைக் குழுவுக்கு அவளைத் தலைவியாக்கியபோது, கையெழுத்துப் போடுவதற்குள் மூன்று தடவை தண்ணீர் குடித்தாள். படித்தவர்கள் நாலு பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் அவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

அந்தப் பள்ளிக்கு ஷைலா டீச்சர் வந்து மூன்று வருடம். முன்னால் வந்தவர்கள் குளிர் தாங்காமல் மாறுதல் வாங்கிக்கொண்டு ஓடினார்கள். இவர் கொடைக்கானலிலிருந்து முதல் பஸ் பிடித்து வெள்ளனே வந்து இறங்குகிறவர். முருகேஸ்வரியின் மகள் கண்மணி, சேர்த்த புதிதில் வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை. இப்போது மூன்றாம் வகுப்பில் உரச்சாக்கு எழுத்தைக்கூட விடாமல் சத்தம் போட்டுப் படிக்கிறாள்.

இந்த நேரம் பார்த்துப் பாடத்திட்டத்தை மாற்றப் போகிறோம் என்றார்கள் கல்வித் துறையினர். அதற்கு முன்னால் பிள்ளைகளுக்கு என்ன தெரிகிறது என்று பார்க்க மார்ச்சில் ஒரு தேர்வு. வினாத்தாள் சமவெளியிலிருந்து வந்தது. 'கோடைக்காலத்துக்கு ஏற்ற உடைக்கு வட்டமிடுக.' ஒரு படத்தில் பருத்திச் சட்டை, மற்றதில் கம்பளிச் சட்டை. மூன்றாம் வகுப்பின் பதினோரு பேரும் கம்பளிக்கு வட்டம் போட்டார்கள். பதினோரு பேருக்கும் ஒரே தப்பு எப்படி வரும், டீச்சர்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார் என்று முடிவு கட்டி மெமோ அனுப்பிவிட்டார்கள். மாறுதலும் வரும் என்று பேச்சு அடிபட்டது.

"விளக்கம் எழுதிக் குடுத்தேன்க்கா. ஒருத்தரும் நம்பல," என்றார் ஷைலா.

முருகேஸ்வரி முந்தானையை இழுத்துச் செருகினாள். "நீங்க போயிட்டா எம்புள்ள மறுபடி வாய மூடிக்கிரும் டீச்சர். விட்டுருவேனா?"

மே மாதம், கொடைக்கானலில் புதிய பாடத்திட்டம் பற்றிப் பெற்றோர் கருத்துக் கேட்கும் கூட்டம். சோலியைப் போட்டுவிட்டு ஜீப் பிடித்துப் போனாள். வெளியே மழை. உள்ளே மேடையில் சென்னையிலிருந்து வந்த அதிகாரி. கவுஞ்சி என்று கூப்பிட்டு மைக்கைக் கையில் கொடுத்ததும், வழக்கம்போல நாக்கு ஒட்டிக்கொண்டது. வழியெல்லாம் மனப்பாடம் செய்து வந்த பேச்சு போன இடம் தெரியவில்லை.

"வெரசா சொல்லும்மா," என்று பின்னாலிருந்து யாரோ அவசரப்படுத்தினார்கள். பாவிப்பயல்!

அப்போதுதான் அதிகாரியின் கழுத்துப் பக்கம் பார்த்தாள். காலையில் பஜாரில் வாங்கிய ஸ்வெட்டர் போலிருக்கிறது, கடை அட்டையைக்கூட இன்னும் பிய்க்கவில்லை.

"சார், இது என்ன மாசங்க?"

"மே மாசம்."

"கோடைதானங்க?"

"ஆமாம்மா."

"அப்ப நீங்க போட்டிருக்கது என்னங்க சார்?"

அவர் குனிந்து பார்த்தார். கழுத்தைத் தடவினார், அட்டை கையோடு வந்தது. மண்டபமே சிரித்தது. முருகேஸ்வரி சிரிக்கவில்லை.

"எங்க புள்ளைங்க பதினோரு பேரும் இதுக்குத்தாங்க வட்டம் போட்டுச்சுங்க. டீச்சரப் பாத்து எழுதலைங்க, குளிரப் பாத்து எழுதுச்சுங்க. அதுக்குப் போயி எங்க டீச்சர மாத்தப் பாக்குறீங்களே, இது நியாயமா?"

அதிகாரி அவள் கொண்டுவந்திருந்த மெமோவின் நகலை வாங்கிப் படித்தார். "டீச்சர் எங்கயும் போக மாட்டாங்கம்மா. தப்பு கேள்வி மேலதான்," என்றவர், வெள்ளைத்தாள் ஒன்றை நீட்டினார். "இத அப்படியே எழுதிக் குடுங்க. பாடம் எழுதுறவங்க படிக்கணும்."

பேனாவைப் பார்த்தாள். வேர்த்தது. எழுதினாள். எழுத்துக்கூட்டி எழுதி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று.

ஜூனில் பள்ளி திறந்த அன்று, ஷைலா டீச்சர் முதல் பஸ்ஸிலிருந்து இறங்குமுன்னே கண்மணி ஓடிப்போய்க் கத்தினாள்.

"டீச்சர், எங்கம்மா ஒரு பக்கம் எழுதுச்சு!"