எச்சரிக்கையை மேலே ஏற்றியவர்

காலைத் தேநீர் நேரத்தில் ரோஸ்லின் அக்காவின் தம்பி அந்தோணியிடமிருந்து போன் வந்தது. "அக்கா போயிட்டாங்க சார். சாயங்காலம் மரக்காணத்துல அடக்கம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அக்காவுக்குச் சிறுநீரகம் கெட்டு ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. எதிர்பார்த்த சாவுதான். ஆனாலும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கைபேசியிலிருந்தே மோட்டாரை இயக்கும் மென்பொருளைச் செய்யும் சிறிய நிறுவனம் எங்களுடையது. உப்பளக்காரர்கள்தான் அதிகம் வாங்குகிறார்கள். அதற்கான செய்முறைக் குறிப்புகளை நான் ஆங்கிலத்திலும் அக்கா தமிழிலும் எழுதுவோம். வயதில் நான்தான் மூத்தவன். அலுவலகமே அக்கா என்றதால் நானும் அப்படியே அழைத்தேன்.

எழுத்தில் அவர் கறாரானவர். ஒரு படிக்கு ஒரு வேலைதான் இருக்க வேண்டும். திரையில் தெரியும் சொல் மட்டும்தான் தடித்த எழுத்தில் வரலாம். ஒருமுறை 'எளிதாக இயக்கலாம்' என்ற பொருளில் நான் எழுதியதைப் பார்த்துச் சிரித்தார். "யாருக்கு ஈசி சார்? ஏசில இருக்கற உங்களுக்கா, பாத்தில ஈரக் கையோட நிக்கிறவனுக்கா?" என்று கேட்டுவிட்டு அந்தச் சொல்லை அடித்தார்.

அப்போது எங்களிடம் ஒரு விதி இருந்தது. பக்கம் பார்க்க அழகாக இருக்க வேண்டும் என்பதற்காக, எச்சரிக்கைகள் எல்லாம் கடைசியில் சின்ன எழுத்தில் போகும். அக்காவும் அதன்படியே எழுதினார். மோட்டார் பெல்ட்டை இறுக்கும் பக்கத்திலும் படிகள் எல்லாம் முடிந்த பிறகுதான், 'ஆட்டோவை முதலில் அணைக்கவும்' என்ற வரி வந்தது. ஆட்டோவில் விட்டிருந்தால், போன மின்சாரம் திரும்பியதும் மோட்டார் தானே ஓடத் தொடங்கிவிடும்.

அந்தோணி எங்கள் மென்பொருளை வாங்கிய ஓர் உப்பளத்தில் வேலை செய்தார். மின்சாரம் போயிருந்த நேரத்தில் பெல்ட்டில் கை வைத்தார். மின்சாரம் வந்தது. வலது கை மணிக்கட்டோடு போயிற்று.

விசாரணையில் அந்தோணி, போனில் குறிப்பைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு படியாகச் செய்ததாகவும் கடைசி வரி வரைக்கும் போகவில்லை என்றும் சொன்னார். எச்சரிக்கை இருந்ததே என்றார் எங்கள் மேலாளர். அக்கா எழுந்தார்.

"இருந்துச்சு சார். கை போனதுக்கப்புறம் படிக்கிற எடத்துல இருந்துச்சு. நான்தான் அங்க வச்சேன்."

மாற்றாவிட்டால் வேலையை விட்டுவிடுவேன் என்று அவர் நின்றதால் விதி மாறியது. முதல் படிக்கு மேலே, கட்டம் கட்டி எச்சரிக்கை வந்தது. பழைய பக்கங்கள் எல்லாவற்றையும் அவரே திருத்தினார். ஆனால் பழைய அக்கா திரும்பி வரவில்லை. பூசைக்குப் போவதை நிறுத்திக்கொண்டார். சாமி முன்னால் எந்த முகத்தோடு நிற்பது என்று என்னிடம் கேட்டார். வீட்டில் தம்பிக்குச் சோற்றைப் பிசைந்து கொடுத்துவிட்டு, அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை அந்தக் கையைப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பாராம். டயாலிசிஸ் படுக்கையிலும் மடிக்கணினி இருந்தது. மற்றவர்கள் அதைக் கடமை உணர்ச்சி என்று புகழ்ந்தார்கள். எனக்கு அது தண்டனையாகத்தான் தெரிந்தது.

கல்லறைத் தோட்டத்தில் மழைத் தண்ணீர் தேங்கியிருந்தது. அந்தோணி இடது கையால் மண் அள்ளிப் போட்டார். எல்லோரும் கலைந்த பிறகு என்னை ஓரமாக அழைத்துப் போனார்.

"சார், அந்தப் பேஜ நான் படிக்கவே இல்ல. கரண்ட் இல்லன்னு கைய வுட்டுட்டேன். என் அஜாக்கிரதைன்னு மொதலாளி வேலய வுட்டுத் தூக்கிடுவாருன்னுதான் படிச்சேன்னு சொல்லிட்டேன். அக்கா பேரு அதுல வரும்னு தெரியாது சார்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. வீட்டிலாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன்.

"சொல்லணும்னுதான் தெனமும் நெனப்பேன். நேத்துகூட பக்கத்துலதான் உக்காந்திருந்தேன்."

அவர் அழுதார். நான் ஆறுதல் சொல்லவில்லை, சொல்ல மனம் வரவில்லை.

அக்கா, நீங்கள் கொண்டுவந்த விதி சரியானது. நான் இருக்கும்வரை அதை யாரும் கீழே இறக்க முடியாது. அந்தக் கை போனதற்கு நீங்கள் காரணமில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய இந்த ஒரு வரி, மண் மூடிய பிறகுதான் வந்தது. நிம்மதியாகத் தூங்குங்கள் அக்கா.