மலைக் காற்றுக்குப் போய் இருமிவிட்டு வந்தோம்

உடும்பஞ்சோலைக்கு எந்த வழியாகப் போவது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நான் போனது 1976 நவம்பரில், என் வீட்டுக்காரரின் இருமலை மலையில் விட்டுவிட்டு வருவதற்கு. வழி சொல்கிறேன், இருமலும் கூடவே வரும்.

அப்போது அவருக்குக் கஞ்சிக்கோட்டில் இரும்பு உருக்கும் உலையில் வேலை. எங்கள் வரிசையில் பன்னிரண்டு வீடு. விடியற்காலையில் சேவலுக்கு முன்னால் ஆம்பளைகள் இருமுவார்கள். ஆலைப் புகை, லாரிப் புகை, போதாக்குறைக்குப் பீடி. இருமல் என்றால் டிபி, டிபி இல்லையென்றால் ஒன்றுமில்லை. அவ்வளவுதான் எங்கள் வைத்திய அறிவு. எக்ஸ்ரேயில் டிபி இல்லை என்று வந்ததும் பன்னிரண்டு வீட்டுக்கும் ஜிலேபி கொடுத்தேன். அவர் அந்தச் சந்தோஷத்தில் இரண்டு கட்டு பீடி வாங்கினார். இருமல் போகவில்லை. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. ஆளே போய்விடுவாரோ என்று பயந்துவிட்டேன்.

அவரோடு உலையில் இருந்த மாடசாமி அண்ணன், இருமல் தாளாமல் உடும்பஞ்சோலை ஏலத்தோட்டத்துக்குப் போனவர். ‘மலைக்காற்று பட்டதும் சுகமாகிவிட்டேன்’ என்று கடிதம் போட்டிருந்தார். கிளம்பிவிட்டோம்.

காலை ஐந்தரைக்குக் கோயம்புத்தூர் பஸ். அங்கிருந்து பழனி வழியாகப் போடி போய்ச் சேர மாலை நாலு மணி. பிறகு ஜீப், தலைக்கு மூன்று ரூபாய், பதினாலு தலை. தார்ப்பாயை இறக்கிவிட்டு உள்ளே ஆளாளுக்குப் பீடி.

“ஏனுங்க, தார்ப்பாயைக் கொஞ்சம் தூக்கக் கூடாதுங்களா? காத்துக்குத்தானுங்க வந்தோம்” என்றேன் டிரைவரிடம்.

“தூக்கினா குளிருமுல்ல தாயி!” என்றார்.

ஆறரைக்கு இறங்கினால் ஒரே மூடுபனி, வீடு எதுவென்று தெரியவில்லை. திடீரென்று ஓர் இருமல். “அதா, மாடசாமி!” என்று வீட்டுக்காரர் சத்தம் வந்த பக்கம் நடந்தார்.

“சொகமாயிட்டேன்னு எழுதுனீங்களேண்ணா?”

“சொகந்தாம்மா. அங்கன கறுப்பாத் துப்புனேன், இங்கன வெள்ளையாத் துப்புதேன்.”

ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோரில், நாள் முழுக்கப் புகைக்குள் நின்று விறகு தள்ளுவதுதான் அண்ணனுக்கு வேலையாம். பீடியைத் தொட்டறியாத அவர் மனைவியும் அடுப்படியில் கூடவே இருமினார்.

மறுநாள் காலை எஸ்டேட் மருந்தகத்துக்குப் போனோம். மேட்டில் இருந்தது, நாற்பது படி. “பீடி, பீடி, எல்லாம் அந்தப் பீடியாலதானுங்க” என்று அவரைத் திட்டிக்கொண்டே ஏறினேன். இருபதாவது படியில் உட்கார்ந்துவிட்டது நான்.

கம்பவுண்டர் இறங்கி வந்தார். “ஒங்களுக்கு எத்தனை வருசமா இருமல்?”

“எனக்கு ஏதுங்க? அடுப்பூதறப்ப மட்டுந்தானுங்க.”

“அடுப்படியில சன்னல் இருக்கா?”

“இருந்துச்சுங்க. ஆலைக்கரி உள்ள வருதுன்னு நாந்தான் செங்கல் வெச்சு அடைச்சுட்டேன்.”

“வெளிப்புகைக்குக் கதவைச் சாத்தி, வீட்டுப் புகையை உள்ள பூட்டிட்டீக. டிபி இல்லேன்னா நெஞ்சு நல்லாருக்குன்னு அர்த்தமில்லம்மா. எந்தப் புகையும் நாள்பட்டா அரிச்சிரும்.”

நான் திட்டியபோதெல்லாம் சிரித்த மனிதர் அப்போது சிரிக்கவில்லை. என் பையையும் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாகச் சம்மட்டியை எடுத்துச் செங்கல்லை உடைத்தார். “ஏனுங்க, திருடன் கன்னம் வெச்சுட்டானுங்களா?” என்று பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்தாள். அந்த ஜன்னல் வழியாக முதலில் உள்ளே வந்தது காற்று இல்லை, வெளியே நின்ற அவருடைய பீடிப் புகை. கோபத்தில் கட்டோடு பிடுங்கி அடுப்பில் போட்டேன். அதுதான் எங்கள் வீட்டின் கடைசிக் கட்டு. அந்தப் புகையை இரண்டு பேருமாகச் சேர்ந்து குடித்தோம்.

பிறகு அவர் கேட்டுப் பெற்று உலையிலிருந்து கேட் காவலுக்கு மாறினார். போன மூச்சு முழுசாக இரண்டு பேருக்கும் திரும்பவில்லை. இன்றும் மாடிப்படியில் பாதியில் நின்று, தெருவை வேடிக்கை பார்க்கிற மாதிரி நடிப்பேன்.

போகிறவர்கள் நவம்பரில் ஸ்வெட்டர் கொண்டுபோங்கள். வளைவுகளில் வாந்தி வருபவர்கள் எலுமிச்சம்பழம் வைத்துக்கொள்ளுங்கள். கிளம்புமுன் உங்கள் அடுப்படியில் ஜன்னல் இருக்கிறதா என்று பாருங்கள். ஜீப்பில் ஏறியதும் தார்ப்பாயைத் தூக்கச் சொல்லுங்கள். குளிர்ந்தால் குளிரட்டும்.