எல்லோரும் போட்ட ஐந்து நட்சத்திரம்

மலேசியாவில், பூச்சோங்கில் நம்மவர் ஒருவர் உருவாக்கிய வீடியோ கேம் வெளிவந்த அன்று, ஐந்து நட்சத்திரம் போடச் சொல்லி எங்கள் வாட்ஸ்அப் குழுவில் லிங்க் வந்தது. கல்யாண மண்டபத்தில் அட்சதை தூவுவதுபோல, உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லோரும் போட்டார்கள். நான் மூன்று நாள் ஆடிப் பார்த்தேன். மூன்றாம் கட்டத்தில் ஒரு பாலம் வரும். அதில் ஏறும்போதெல்லாம் கேம் நின்றுபோய், முதலிலிருந்து ஆட வேண்டியிருந்தது. அதை அப்படியே எழுதி இரண்டு நட்சத்திரம் போட்டேன்.

மறுநாள் பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் குழுவின் அட்மின் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"நம்ம ஆளு செஞ்சது லா. நீயே கால வாரிவிட்டா எப்படி? டிலிட் பண்ணிடு."

"அண்ணே, அந்தப் பாலத்த நீங்க எப்படித் தாண்டினீங்க?"

"எந்தப் பாலம்?" என்றார்.

இலையை மடித்துவிட்டு எழுந்தேன். எழுதியதை அழிக்கவில்லை. குழுவிலிருந்து என்னை நீக்கினார்கள், நீக்கட்டும்.

இரண்டு வாரம் கழித்து என் விமர்சனத்துக்குக் கீழே, பாலத்தைச் சரிசெய்துவிட்டதாகக் கேமை உருவாக்கியவரே எழுதியிருந்தார். மறுபடி ஆடிப் பார்த்தேன். பாலத்தைத் தாண்ட முடிந்தது. ஒரு நட்சத்திரம் கூட்டினேன், ஒன்றே ஒன்று. அவருக்கு விழுந்த அத்தனை நட்சத்திரங்களிலும் அவர் உழைத்துச் சம்பாதித்தவை அந்த மூன்றுதான்.