தன் கைப்பட எழுதியது

ஹூஸ்டன் பக்கம் மூன்று உணவகங்கள், ஒரு மளிகைக் கடை, சுகர் லேண்டில் மாடி வீடு, முனைவர் பட்டம் வாங்கிய ஒரு மகள். எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன் உண்டாக்கியவை இவை. யார் தூக்கிவிட்டார்கள் என்று கேட்காதீர்கள், ஒருவரும் இல்லை.

இந்த வாழ்க்கைக் கதையையும் நானே எழுதி முடித்தேன். அச்சுக்குப் போகும் நேரத்தில் மகள் ஒரு முன்னுரையோடு வந்தாள். ‘இதை எழுதியது அப்பாதான், நான் பிழை மட்டுமே திருத்தினேன்’ என்று அதில் சாட்சி சொல்லியிருந்தாள். அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

அவள் ஆராய்வது, அடிமைகளாக இருந்து தப்பிய கறுப்பர்கள் அந்தக் காலத்தில் எழுதிய சுயசரிதைகளை. கறுப்பருக்கு எழுத வரும் என்று நம்ப ஆள் இல்லாததால், வெள்ளைக்காரப் பெரிய மனிதர் யாராவது முன்பக்கத்தில் நற்சான்று தருவாராம். எழுதியவரும் விடாமல், ‘தன் கைப்பட எழுதியது’ என்று பெயருக்குக் கீழே போட்டுக்கொள்வாராம். இதெல்லாம் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஒருநாள் சரக்கெடுக்கப் போகும்போது ட்ரக்கில் அவளிடம் கேட்டேன். “அப்போ உன் முன்னுரை என்னம்மா? எனக்கு நற்சான்றா?”

“கம்பேர் பண்ணாதீங்கப்பா, ப்ளீஸ். உங்களை யாராவது வித்தாங்களா?”

“அது இல்லம்மா. எட்டாங்கிளாஸ்காரன் எழுதினான்னா நம்ப மாட்டாங்கன்னுதானே நீ எழுதற?”

“ஓகே. பின் கண்ணாடில இவ்ளோ பெரிய இந்தியக் கொடி எதுக்கு? போலீஸ் உங்களை பிளாக்னு நினைச்சிடக்கூடாதுன்னுதானே ஒட்டினீங்க? அதுவும் நற்சான்றுதான்!”

நெடுஞ்சாலையில் இறங்கவேண்டிய எக்ஸிட்டை விட்டுவிட்டேன். சுற்றிக்கொண்டு வந்து கடை வாசலில் நிறுத்தியதும், பிளேடு எடுத்துக் கொடியைச் சுரண்டினேன். பாதி வந்தது. மீதி வெயிலில் காய்ந்து, கண்ணாடியோடு கண்ணாடியாக ஒட்டிக்கிடந்தது.

சுரண்டிக்கொண்டே கேட்டேன். “அந்தக் கறுப்பருங்க யாருக்காகம்மா எழுதினாங்க?”

“நிறைய பேருக்கு. ஆனா எனக்கென்னவோ, இன்னும் பொறக்காதவங்களுக்குன்னு தோணும். சான்று கேக்காம நம்பப்போறவங்களுக்கு.”

“உன் பொண்ணு, என் பேத்தி, நம்புவாளா?”

“ஃபர்ஸ்ட் அவ தமிழ் படிக்கட்டும்ப்பா” என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பேத்தி என்றைக்காவது படிப்பாள். அன்றைக்கு அவள் கண்ணில் முதலில் படுவது என் பெயராகத்தான் இருக்கவேண்டும்.

ஆகவே பதிப்பாளருக்குச் சொல்கிறேன். முன்னுரையை எடுத்துவிடுங்கள். திருத்திய பிழைகளைத் திரும்பப் போட்டாலும் சரி, அவையும் நான் செய்தவைதான். என் பெயருக்குக் கீழே, கடைப் பலகை மாதிரி கொட்டை எழுத்தில், ‘தன் கைப்பட எழுதியது’ என்று வரவேண்டும். அந்த வரி அந்தக் கறுப்பர்களுடையது, அதையும் சொல்லிவிடுங்கள். மற்றதெல்லாம் என்னுடையது.