ஆணி என்று கத்தாதவன்

எனக்கு வேலை வாங்கித் தந்தது என் வலது கைதான். தேனியில் ஒரு நூற்பாலை. அதன் கிரிக்கெட் அணிக்கு வேகப்பந்து வீச ஆள் தேவைப்பட்டது. ஆள் வராத நாளுக்கு மட்டும் வேலை தரும் பதிலித் தொழிலாளியாக எடுத்துக்கொண்டார்கள். மூன்று வருஷம் ஊர் ஊராகப் போய் வீசினேன். பிறகொரு கோப்பையின் கடைசி ஆட்டத்துக்கு முன்னால் மேலாளர் கூப்பிட்டார். "கோப்பை வந்தா ஒனக்கு வேலை நிரந்தரம்." தோற்றால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. அதுகூடப் புரியாமலிருக்க நான் என்ன மாங்காய் மடையனா?

எங்கள் பக்கம் ஆடுகளத்தின் மேல் கயிற்றுப் பாயை விரித்துத்தான் ஆட்டம். ஓரமெல்லாம் இரும்பு ஆணி அடித்து இறுக்குவோம். ஆட ஆட ஆணி கிளம்பும், பாய் சுருங்கும். சுருக்கத்தில் விழுந்த பந்து எங்கே எகிறும் என்று ஆண்டவனுக்கே தெரியாது. அதனால் ஒரு கட்டுப்பாடு உண்டு: கிளம்பிய ஆணியை எந்த அணிக்காரன் பார்த்தாலும் "ஆணி!" என்று கத்த வேண்டும். அதை அடித்து இறக்கிய பிறகுதான் அடுத்த பந்து.

ஆட்டம் சின்னமனூரில். எதிரணியில் மார்க்கையன்கோட்டைக்காரர் ஒருவர் என் பந்துகளைப் பின்னி எடுத்துக்கொண்டிருந்தார். அவர்கள் ஜெயிக்கப் பத்து ஓட்டம்தான் பாக்கி. ஒரு பந்தை வீசிவிட்டு நிமிர்ந்தபோது பார்த்தேன்: ஓர் ஆணி விரலளவு எழுந்து, பாய் சுருங்கிக் கிடந்தது. வேறு யாரும் கவனிக்கவில்லை. நான் கத்தவில்லை. ஓடி வந்து, சரியாக அந்தச் சுருக்கத்திலேயே பந்தைக் குத்தினேன்.

பந்து அவருடைய இடது கண்ணில் பட்டது. ஐயோ, அந்தச் சத்தம்! "ஆத்தா" என்று முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஓடி வந்தவர்கள் ஆணியைப் பார்த்தார்கள். "ஏலே, ஒருத்தனுமா பாக்கல?" என்று நடுவர் கத்தினார். எல்லாரோடும் சேர்ந்து நானும் இல்லையென்று தலையாட்டினேன்.

அடுத்து வந்தவர்கள் பயத்திலேயே ஆட்டமிழந்தார்கள். கோப்பை வந்தது, வேலை நிரந்தரமானது. அவருக்குக் கண் போனது. மதுரை ஆஸ்பத்திரியில் அவர் கிடந்த ஞாயிற்றுக்கிழமைகளில் ஆரஞ்சுப் பழத்தோடு போய் நின்றேன். ஒவ்வொரு முறையும் சொல்லாமலே திரும்பினேன்.

அதன் பிறகு ஓடி வந்து கையைத் தூக்கினாலே, பாயின் ஆணியெல்லாம் கிளம்பி நிற்பதுபோல் தோன்றும். பந்து எங்கோ போகும். அடுத்த வருஷமே அணியிலிருந்து கழித்துவிட்டார்கள். மில்லில் இயந்திர இரைச்சலுக்கு நடுவே "ஆணி!" என்று யாரோ கத்துவார்கள். என் குரல்தான். திடுக்கிட்டுத் திரும்புவேன், பக்கத்து ஆள் சிரிப்பான். பாவிப் பயலே, இப்போது கத்தி என்ன லாபம்?

ஏழெட்டு வருஷம் கழித்து, கம்பம் பஸ்ஸில் அவர் மனைவியோடு உட்கார்ந்திருந்தார். இறங்கிவிடலாமென்று திரும்பினேன். அதற்குள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டார். சொல்லித் தொலைத்துவிடுவோம் என்று துணிந்தேன்.

"அண்ணே, அன்னைக்கு அந்த ஆணிய..."

"அட விடுங்க தம்பி. இன்னமுமா அதையே நெனச்சு மறுகுறீக?" என்றவர், மனைவியிடம் திரும்பினார். "ஆசுபத்திரிக்கு வாரந் தவறாம வந்தாகன்னு சொல்வேன்ல, இவுகதான்."

அந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டார்.

"எம்புட்டுப் பேரு ஆடுனாக, ஒருத்தரும் எட்டிப் பாக்கலயேண்ணே. எங்க மூத்தவனுக்கு ஒங்க பேரத்தான் வச்சிருக்கோம்."

பையன் என்ன படிக்கிறான் என்று கேட்டேன்.