பொன்மலர் வாசலில் விழுங்கிய மாத்திரை

ஆம்பூர் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைத்துக்கொண்டிருந்த பொன்மலருக்கு 2002-ல், கர்ப்பத்தின் ஆறாம் மாதத்தில், எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. கான்பூரிலிருந்து லாரியில் தோல் லோடு ஏற்றி வரும் கணவன் ஜெயசிங்குக்கும் இருந்தது.

"என்னாலதான் மலரு" என்று அவன் அழுதான். அவள் திட்டித் தீர்த்தாள். மறுநாள் அவனையும் கூட்டிக்கொண்டு வேலூர் பெரியாஸ்பத்திரிக்குப் போனாள்.

"கொழந்தைக்கும் வந்துடுமா மேடம்?"

ஆலோசகர் நசீமுன்னிசா மறைக்கவில்லை. "மருந்தே இல்லன்னா மூணுல ஒண்ணுக்கு வரலாம். வலி எடுத்ததும் இந்த மாத்திரைய நீ போட்டுக்கோ. பொறந்ததும் கொழந்தைக்குச் சொட்டு மருந்து. ஆபத்து பாதிக்குப் பாதி கம்மியாயிடும்."

பனிக்காலத்தில் ஒரு காலையில் வலி கண்டது. பக்கத்துத் தெரு நர்சிங் ஹோமில், எச்.ஐ.வி. என்று எழுதியிருந்த ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்ததும் கதவை மூடிவிட்டார்கள். ஜெயசிங் கதவை உதைக்கப் போனான்.

"சண்டைய அப்பறம் போடுங்க. தண்ணி குடுங்க மொதல்ல!"

அந்த வாசலிலேயே நின்று மாத்திரையை விழுங்கினாள். பிறகு வாடகை வேனில் ஏறி, பல்லைக் கடித்துக்கொண்டு ஐம்பது கிலோமீட்டர் போய், வேலூரில் மகளைப் பெற்றாள். சொன்னபடியே குழந்தையின் வாயில் சொட்டு மருந்து விழுந்தது. ஜெனிஃபா என்று பெயர் வைத்தார்கள்.

வேலைக்குத் திரும்பியபோது விஷயம் கம்பெனி முழுக்கப் பரவியிருந்தது. பக்கத்து மிஷின் அமிர்தவள்ளி எழுந்து நின்றாள். "ஊசி குத்தி ரத்தம் வந்தா நாங்க இன்னா பண்றது?"

பொன்மலர் மிஷினை நிறுத்தினாள். "கேட்டியே, அதுவே நல்லது. ஒண்ணா உக்காந்தா, ஒரே டம்ளர்ல குடிச்சா இது ஒட்டாது. ஊசி குத்துனா காயத்தக் கழுவிக் கட்டுவேன், ஊசிய மாத்துவேன். நீயும் அதத்தான செய்யணும்?"

 அமிர்தவள்ளி உட்கார்ந்து தைக்க ஆரம்பித்தாள். இரண்டு பேர் மட்டும் கடைசிவரை தள்ளியே சாப்பிட்டார்கள்.

2004-ல் ஜெயசிங் முப்பத்தெட்டு கிலோவுக்கு இளைத்துவிட்டான். தாம்பரத்தில் எச்.ஐ.வி.யை அடக்கி வைக்கும் கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அவனை ரயிலேற்றிக் கொண்டுபோனாள். காலையும் மாலையும் ஒருவேளை தப்பாமல் எதிரில் நின்று கொடுத்தாள். ஆறாவது மாதம் அவன் மறுபடி ஸ்டியரிங் பிடித்தான்.

இதற்கிடையில் ஜெனிஃபாவுக்குப் பதினெட்டு மாதம் முடிந்து, முடிவான பரிசோதனையும் நடந்தது.

"நெகட்டிவ்" என்றார் நசீமுன்னிசா.

"இன்னொரு வாட்டி சொல்லுங்க மேடம்!"

சொன்னார். பொன்மலர் போட்ட கூச்சலில் வார்டு நர்ஸ்கள் ஓடிவந்தார்கள். ஜெயசிங் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வராந்தா முழுக்கச் சுற்றினான்.

2007-க்குள், தன்னைப் போலவே தொற்றிருந்த பதினோரு கர்ப்பிணிகளை அவளே வேலூருக்குக் கூட்டிப்போனாள். பத்துக் குழந்தைகள் தொற்றில்லாமல் தப்பின. தொற்று வந்த ஒரே பையன் மருந்து சாப்பிட்டுக்கொண்டு பால்வாடிக்குப் போகிறான். ஓட்டத்தில் அவனைப் பிடிக்க ஆளில்லை.