இடது பக்கம் மூன்று புள்ளி

1. ஷட்டருக்குப் பின்னால்

ஜீடிமெட்லாவில் மூடிக் கிடந்த ஒரு மருந்து கம்பெனி ஷெட். வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, அடியில் போய்ப் படுத்தேன். டார்ச் அடித்தேன். முன் இடது சக்கரத்துக்கு மேலே என் கை வேலை இருந்தது. உடைந்து இருந்தது.

நாற்பது வருஷ வேலையில் எழுதுவதற்கு எனக்கு இருப்பது இந்த ஒன்றுதான். நான் இருந்த பட்டறையில் இப்போது வேலை செய்கிற பிள்ளைகள் எழுதிக் கொடுங்கள் என்றார்கள். நான் ஏழாவது வரை படித்தவன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நான் டிங்கர். நசுங்கின பாடியைத் தட்டி எடுப்பேன், கிழிந்ததை ஒட்டுவேன். பிறந்து வளர்ந்தது செகந்திராபாத். வேலையை விட்டு மூன்று வருஷம் ஆகிறது. ஆனாலும் பழைய வண்டி வாங்குகிறவர்கள் கூப்பிடுவார்கள். வாங்கும் முன் பார்த்துச் சொல்லப் போவேன்.

பிரகாஷும் அப்படித்தான் கூப்பிட்டார். கோயமுத்தூர்ப் பக்கம். இங்கே சாஃப்ட்வேரில் வேலை. பழைய இரும்பு ரேக் வாங்க ஜீடிமெட்லா போயிருக்கிறார்.

"ஏனுங்ணா, பக்கத்து ஷெட்டுல ஷட்டர் பாதிதான் தொறந்திருந்துச்சு. வண்டியோட பின்பக்கம் மட்டும் தெரிஞ்சுது. கத்தியில வெட்டுன கணக்கா."

"என்ன வண்டி?"

சொன்னார்.

"அண்ணா, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். என்ன கலர்?"

"சிவப்புங்ணா. ஒரே தூசி. ஆனா சிவப்புதான்."

"வரேன்" என்றேன்.

வண்டியின் பேரை நான் எழுதவில்லை. எழுத வேண்டாம் என்று பிரகாஷ் சொல்லிவிட்டார். இந்த ஊரில் அது ஒன்றுதான். பேர் தெரிந்தால் வாசலில் ஆள் வந்து நிற்பார்கள். இத்தாலி வண்டி, நாலு கதவு. பார்த்தால் குடும்ப வண்டி, பெட்டி மாதிரி இருக்கும். பானெட்டைத் திறந்தால் ரேஸ் இன்ஜின். ரெண்டு கேம்ஷாஃப்ட், ரெண்டு கார்புரேட்டர், அஞ்சு கியர். அந்தக் காலத்தில் நாங்கள் அஞ்சு கியர் பார்த்ததே அதில்தான்.

2. வண்டியின் ஜாதகம்

ஷெட் நரசிங் ராவ் என்பவருடையது. அவர் காலமாகிவிட்டார். மகன் விற்கிறார். முன் இடது பக்கம் நசுங்கின வண்டி. நசுங்கினபடியே தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தார்கள்.

பிரகாஷ் ஒரு நோட்டு வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மொத ஓனர்ல இருந்து இன்னைக்கு வரைக்கும் இதோட ஜாதகம் வேணுங்ணா. எதையும் விடக்கூடாது."

"ஜாதகம் பாத்து கட்டிக்கவா போறீங்க?"

"மனசால கட்டிக்கிட்டாச்சுங்ணா. இனி பாத்து என்ன பண்ணறது, தெரிஞ்சுக்கறதுதான்."

கதவு ரப்பரை நீக்கினேன். பெயிண்ட்டை எமரி பேப்பரால் ஒரு ரூபாய் அகலத்துக்குத் தேய்த்தேன். மேலே சிவப்பு. கீழே வெள்ளை. அதற்கும் கீழே வானநீலம். அதுதான் கம்பெனி கலர். ஆர்.சி. புத்தகத்தில் பார்த்தால் டில்லி ரெஜிஸ்ட்ரேஷன். தூதரகத்து ஆள் ஒருவர் கொண்டு வந்திருக்கிறார். போகும்போது ஏலத்தில் விட்டிருக்கிறார். ரெண்டாவது ஓனர் வெள்ளை அடித்திருக்கிறார். மூன்றாவது நரசிங் ராவ். சிவப்பு அடித்தது அவர்.

பிரகாஷ் எல்லாம் எழுதிக்கொண்டார்.

"ஆக்ஸிடென்ட் எப்படின்னு மட்டும் தெரியலீங்ணா. மகன் கிட்ட கேட்டேன். டிரைவர் தூங்கிட்டான்னு ஒத்தை வரியில முடிச்சுட்டார்."

அந்த ஆக்ஸிடென்ட் எனக்குத் தெரியும். அந்த டிரைவரையும் தெரியும். அன்றைக்கு நான் சொல்லவில்லை. அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தேன். "நாளைக்கு வரேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

3. காதர் உஸ்தாத் ஷெட்

அப்போது எனக்கு இருபத்திநாலு வயசு. மெட்டுகுடாவில் எங்கள் தொழில் குரு காதர் உஸ்தாத் நடத்தின ஷெட். நாலு டிங்கர்கள் இருந்தோம். உஸ்தாத் ஒரு பழக்கம் வைத்திருந்தார். வேலை முடிந்ததும் ஒட்டுக்குப் பக்கத்தில் சென்டர் பஞ்ச் என்கிற கூர் உளியால் புள்ளி குத்த வேண்டும். அதற்குப் பிறகுதான் துருவுக்கு ரெட் ஆக்ஸைடு பெயிண்ட் அடிக்கலாம். ஒருத்தருக்கு ஒரு புள்ளி, அடுத்தவருக்கு ரெண்டு. எனக்கு மூன்று. வண்டி கம்ப்ளெயின்ட்டோடு திரும்பி வந்தால் யார் வேலை என்று சண்டை வராது.

"காம் தேரா, நிஷான் பீ தேரா" என்பார். வேலை உன்னது, அடையாளமும் உன்னது.

நரசிங் ராவ் அந்த வண்டியைக் கல்லில் ஏற்றிவிட்டார். முன் இடது சக்கரத்தைத் தாங்குகிற இரும்புக் கை வந்து மாட்டுகிற தகட்டுப் பெட்டி கிழிந்துவிட்டது. மூன்று நாளில் வேண்டும் என்றார். எங்களுக்குத் தெரிந்தது லாரி, ஜீப். அதற்கெல்லாம் சேசிஸ் தனி, பாடி தனி. இதற்கு சேசிஸ் கிடையாது. தகடுதான் எல்லா பாரத்தையும் தாங்குகிறது. மெல்லிசு தகடு. கேஸ் வெல்டிங் வைத்தால் ஓட்டை விழும், நெளியும். அதனால் பித்தளை ராடு வைத்து ஒட்டினேன். பித்தளை தண்ணீர் மாதிரி ஓடிப் போய் உட்காரும். அரம் போட்டால் வழவழவென்று வரும். ஒட்டு இருந்த இடமே தெரியாது.

உஸ்தாத் விரலால் தடவிப் பார்த்தார். "ஹவ். அச்சா ஹை" என்றார். நன்றாக இருக்கிறது என்று அவர் பாராட்டினது அபூர்வம். நான் மூன்று புள்ளி குத்தினேன்.

கதவுக்கும் மட்கார்டுக்கும் பித்தளை போதும். அது தோல். இந்தப் பெட்டி எலும்பு. தோலுக்கு வைக்கிற மருந்தை எலும்புக்கு வைத்தேன். அப்போது எனக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

நாலு மாசம் கழித்து ஷாமீர்பேட் ரோட்டில் வண்டி இடது பக்கம் இழுத்துக்கொண்டு போய்ச் சின்னப் பாலத்தில் மோதியது. நரசிங் ராவின் தம்பி முன் சீட்டில் இருந்தார். அங்கேயே உயிர் போய்விட்டது. ஓட்டினது யாதகிரி. ராவ் வீட்டு டிரைவர். எங்கள் ஷெட்டுக்கு வண்டி விட வருவார். நான் தட்டும்போது பக்கத்தில் நின்று, "மெல்ல தட்டு தம்பி, வண்டி அழுவுது" என்று கிண்டல் பண்ணுவார்.

ரெண்டு நாள் கழித்து ஒரு போலீஸ்காரர் ஷெட்டுக்கு வந்தார்.

"டிரைவர் ஸ்டீரிங் தானா இழுத்துச்சுன்னு சொல்றான். முன்பக்கம் வேலை பாத்தது இங்கதானே? கோளாறு ஏதாவது இருந்துச்சா?"

உஸ்தாத் என்னைப் பார்த்தார். "ஒரு தடவை போய் வண்டியைப் பாத்துட்டு வந்துடறியா?" என்று கேட்டார்.

"கைக்கு உஸ்தாத், எதுக்கு? நான் வெச்சது எனக்குத் தெரியாதா?"

போலீஸ்காரர் பக்கம் திரும்பி, "கோளாறு ஒண்ணும் இல்ல சார். என் வேலை உடையாது" என்றேன்.

அவர் எழுதிக்கொண்டு போனார். யாதகிரி தூங்கிவிட்டார் என்று முடிவானது. குடித்திருந்தார் என்றும் சேர்த்துக்கொண்டார்கள். ஒன்றரை வருஷம் ஜெயிலில் இருந்தார். லைசென்ஸ் போனது. நான் அந்தப் பேச்சை மறந்துவிட்டேன். உண்மையிலேயே மறந்துவிட்டேன்.

4. கருப்பு பாதி, துரு பாதி

மறுநாள் ஜீடிமெட்லா போனேன். ஒட்டைச் சுற்றி வயர் பிரஷ் போட்டேன். மூன்று புள்ளி தெளிவாகத் தெரிந்தது. உடைந்த விளிம்பை டார்ச்சில் பார்த்தேன்.

மோதினதில் உடைந்ததாகவும் இருக்கலாம் என்று ஒரு நினைப்பு இருந்தது. ராத்திரி பூராவும் அதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். பார்த்ததும் அது போய்விட்டது. விளிம்பில் ஒரு பாதி கருப்பு. இன்னொரு பாதி சுத்தத் துரு. கருப்பாக இருந்த பாதியில் பழைய ஆயிலும் ரோட்டுப் புழுதியும் ஏறிக் கெட்டியாக இருந்தது. அந்தப் பாதி மோதுவதற்கு ரொம்ப நாள் முன்னாலேயே விரிந்துவிட்டது. ஓடும்போதெல்லாம் உள்ளே ஆயில் தெறித்திருக்கிறது. ஆயில் ஏறின இடத்தில் துரு பிடிக்காது. மீதிப் பாதிதான் அன்றைக்குக் கிழிந்தது. கருப்புப் பக்கத்தில் சுரண்டினேன். பித்தளை தகட்டைப் பிடிக்கவே இல்லை. அடியில் கிரீஸ் இருந்திருக்கிறது. நான் சரியாகத் துடைக்கவில்லை.

பிரகாஷை அடியில் வந்து படுக்கச் சொன்னேன். எல்லாவற்றையும் காட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கருப்புப் பாதியை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"ஏனுங்ணா, இத்தனை வருசம் ஆயிருச்சு. இப்ப ஆரும் கேக்கலையே."

"அப்ப கேட்டாங்க. பாக்காமயே பதில் சொன்னேன்."

"அவர் உசுரோட இருக்காருங்களா?"

"தெரியாது."

வெல்டிங் வைக்க எப்படியும் அந்தப் பெட்டியை வெட்டி எடுக்க வேண்டும். பிரகாஷ் வண்டியை வாங்கினார். வெட்டினது நான்தான். ஒட்டும் புள்ளியும் இருந்த உள்ளங்கை அகலத் துண்டைத் துணியில் சுற்றிப் பையில் வைத்தேன்.

ராவ் மகனிடம் யாதகிரியைப் பற்றிக் கேட்டேன்.

"அந்தக் குடிகாரனா? எங்க சித்தப்பாவைக் கொன்னவன். மறுபடி வேலை கேட்டு அப்பா சாகற வரைக்கும் வந்து கேட்டுல நின்னான். இப்ப அமீர்பேட்ல ஏதோ ஹாஸ்டல்ல வாட்ச்மேனாம்."

"அவர் தூங்கலை சார். என் ஒட்டு உடைஞ்சது" என்றேன். துண்டைக் காட்டினேன். அவர் அதைத் தொடவில்லை. "அப்பா இருக்கும்போது வந்திருக்கலாமே" என்றார்.

5. அமீர்பேட்

அமீர்பேட்டில் சந்துக்குச் சந்து ஹாஸ்டல். மெட்ரோ தூணிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு கேட்டாகக் கேட்டேன். ரெண்டாவது நாள் காலையில் பார்த்தேன். கோச்சிங் படிக்கும் பெண்கள் ஹாஸ்டல். பிளாஸ்டிக் சேர். முன்னால் ஸ்டூலில் கையெழுத்து நோட்டு. அவர்தான். முடியெல்லாம் போய்விட்டது. கண்ணை வைத்து அடையாளம் தெரிந்தது.

"ஆம்பளைங்க உள்ள போகக்கூடாது" என்றார் தெலுங்கில்.

"உள்ள போகலை. உங்களைப் பாக்கத்தான். காதர் உஸ்தாத் ஷெட். மெல்ல தட்டச் சொல்வீங்களே, அந்தத் தம்பி."

கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

நான் நின்றபடியே சொன்னேன். வண்டி கிடைத்தது, அடியில் பார்த்தது, போலீஸ்காரர் கேட்டது, நான் சொன்னது. துண்டை எடுத்துக் கொடுத்தேன். வாங்கி மடியில் வைத்தார். மூன்று புள்ளியையும் கட்டை விரலால் தடவினார்.

"எந்தப் பக்கத்துது?"

"இடது."

"நானும் இடதுன்னுதான் சொன்னேன்."

"ஆமா."

"போலீஸ் கிட்ட சொன்னேன். கோர்ட்ல சொன்னேன். அப்புறம் சொல்றதை விட்டுட்டேன். எல்லாரும் தூங்கிட்டேன்னு சொன்னாங்க. தூங்கியிருப்பேன்னு நானே நெனச்சுக்கிட்டேன். அன்னிக்குக் காலையில இருந்து நெனச்சு நெனச்சுப் பாப்பேன், எங்க கண்ணு மூடினேன்னு. கண்டே பிடிக்க முடியல."

ஒரு பெண் வந்து நோட்டில் கையெழுத்துப் போட்டாள். அவர் நேரத்தைச் சரி பார்த்து எழுதினார். பிறகு உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். அவர் மனைவி அந்த ஹாஸ்டலில் சமையல். கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"இவளுக்குச் சொல்லு" என்றார். "முதல்ல இருந்து."

முதலில் இருந்து சொன்னேன். அந்த அம்மா என்னைப் பார்க்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முப்பத்தெட்டு வருஷம்" என்றார். "எந்த வேலைக்குப் போனாலும், அங்கயும் தூங்கிடாதேன்னு சொல்லித்தானே அனுப்பினேன். நேத்து கூட சொன்னேனே."

யாதகிரி வாரங்கலில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டார். "ஒருத்தர் பேசறார், கேளு" என்று சொல்லி என் கையில் கொடுத்தார். மூன்றாவது தடவை சொன்னேன். அந்தப் பக்கம் அழுகிற சத்தம் கேட்டது. போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

பிரகாஷ் ஒன்று கேட்டுவரச் சொல்லியிருந்தார். கேட்டேன். "வண்டி தயாரானதும் இங்க கொண்டு வரட்டுமா? ஒரு தடவை உக்காந்து பாக்கறீங்களா?"

"நக்கோ, வேணாம்" என்றார்.

மன்னிப்பு கேட்கத்தான் போனேன். கேட்டேன். "சொல்லிட்ட இல்ல. போ" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. டீ குடி என்றும் சொல்லவில்லை. துண்டைக் கேட்கலாமா என்று நின்றேன்.

"இது இங்க இருக்கட்டும்" என்றார். நோட்டுக்குப் பக்கத்தில் ஸ்டூல் மேல் வைத்துக்கொண்டார். கேட்டைத் தாண்டித் திரும்பிப் பார்த்தேன். அடுத்து கையெழுத்துப் போட வந்த பெண்ணிடம் அதைத் தூக்கிக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

6. இப்போது

வண்டிக்கு அதே கனத்தில் தகடு வெட்டி, பெட்டியைத் திறந்து, உள்ளேயும் வெளியேயும், மெல்லிசு தகட்டுக்கென்று இப்போது வந்திருக்கிற வெல்டிங் வைத்தோம். பதினோரு நாள் ஆனது. பக்கத்தில் மூன்று புள்ளி குத்தினேன். பிரகாஷின் நோட்டில் முழு ஜாதகமும் இருக்கிறது. வானநீலம், வெள்ளை, சிவப்பு, பாலம், செத்துப்போனவர், யாதகிரி. என் பேரும் இருக்கிறது. நான்தான் எழுதச் சொன்னேன்.

பட்டறைப் பிள்ளைகளுக்கு ஒன்றுதான் சொல்ல இருக்கிறது. பித்தளை வைத்தது தெரியாமல் செய்த தப்பு. அது யாருக்கும் வரும். போய்ப் பார்த்துவிட்டு வா என்று உஸ்தாத் சொன்னபோது எதுக்கு என்று கேட்டேன் பாருங்கள், அதுதான் தப்பு. வண்டி அரை மணி தூரத்தில் நின்றது.

இன்றைக்கும் வண்டி பார்த்துச் சொல்லப் போகிறேன். கடைசியில் ஒரு தாளில் எழுதிக் கொடுப்பேன். முன்பெல்லாம் எல்லா இடத்துக்கும் 'சரி' என்று எழுதுவேன். இப்போது கை போகாத இடம், டார்ச் எட்டாத இடம் எதுவோ அதற்கு நேரே 'பார்க்கவில்லை' என்று எழுதுகிறேன். சில பேர் கோபப்படுகிறார்கள். எழுதிவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறேன்.